பழைய குளிர்கிடங்குப் பேனல்களால் வீட்டுக் கூரையின் கார்பன் குறையுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தரைத்தள வீட்டின் மேல் சுமார் 100 சதுர மீட்டரில், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடியில், மாடி எழுப்பவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடலூர் முதுநகரில் மூடப்பட்ட ஒரு மீன் குளிர்கிடங்கிலிருந்து கழற்றிய 80 மி.மீ. பஃப் பேனல்கள், அதாவது இரு இரும்புத் தகடுகளுக்கு நடுவே பாலியூரிதேன் நுரை அடைத்த பலகைகள், விலைக்கு வந்திருக்கின்றன. அவற்றை கான்கிரீட் தளத்தின் மேல் பரப்பி, மேலே தட்டோடு பதித்தால், கட்டடத்தில் பொதிந்த கார்பன் குறையுமா என்பது உங்கள் கேள்வி. பழைய சரக்கே வேண்டாம் என்று உங்கள் பொறியாளர் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பதில் இது: குறையும். ஆனால் பேனலை முழுசாக, நனையாமல், பின்னொரு நாள் கழற்றி எடுக்கக்கூடிய விதத்தில் பொருத்தினால்தான் குறையும். தட்டோட்டுக்கு அடியில் புதைத்துவிட்டால் பலனில் பெரும்பகுதி கைநழுவிப் போய்விடும்.

பொதிந்த கார்பன் என்பது ஒரு பொருளுக்கான மூலப்பொருளை எடுத்து, ஆலையில் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பொருத்தி, கடைசியில் இடித்து அகற்றும் வரை வெளியாகும் உமிழ்வின் மொத்தம். மின்விசிறிக்கும் ஏசிக்கும் ஆகும் மின்சாரத்தின் உமிழ்வு இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஈ.என். 15978 என்ற ஐரோப்பியத் தரநிலை இந்தக் கட்டங்களைப் பிரித்து வகுத்திருக்கிறது. ஏற்கெனவே பயன்பட்ட பொருளை மீண்டும் எடுத்தாளும்போது, ஆலைக் கட்டத்தின் உமிழ்வை முதல் கட்டடத்தின் கணக்கிலேயே விட்டுவிட்டு, கழற்றுவது, சுத்தம் செய்வது, கொண்டுவருவது ஆகியவற்றின் உமிழ்வை மட்டும் புதிய கட்டடத்தின் பெயரில் எழுதுவது பொதுவான வழக்கம். இதில் ஒரு நேர்மை தேவை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கிடங்கிலிருந்து பேனலை விற்றுவிட்டு, அவர்கள் அங்கே புதுப் பேனல் போட்டால், உமிழ்வு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. உங்கள் விஷயத்தில் கிடங்கு மூடப்பட்டதால் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது 100 சதுர மீட்டருக்குக் கணக்குப் போடுவோம். 80 மி.மீ. கனத்தில் நுரையின் கன அளவு 8 கன மீட்டர். குளிர்கிடங்குப் பேனலின் நுரை கன மீட்டருக்குச் சுமார் 40 கிலோ இருக்கும். ஆக 320 கிலோ நுரை. பாலியூரிதேன் நுரை ஒரு கிலோ செய்ய ஏறத்தாழ 4 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று வைத்தால் 1.3 டன். அடுத்து, இரு பக்கமும் ஒட்டியிருக்கும் அரை மி.மீ. தகடு. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு தகடும் சேர்ந்து ஏறத்தாழ 7.85 கிலோ, 100 சதுர மீட்டருக்கு 785 கிலோ இரும்பு. துத்தநாகம் பூசி வண்ணம் ஏற்றிய தகட்டுக்குக் கிலோவுக்கு 2.5 கிலோ என்று கொண்டால் சுமார் 2 டன். வெப்பக் காப்பு என்றதும் எல்லோரும் நுரையைத்தான் பார்க்கிறார்கள். கார்பனோ அதைவிட அதிகமாகத் தகட்டில் இருக்கிறது. காயலான் கடைக்குப் போனால் தகட்டை உரித்து உருக்காலைக்கு அனுப்பிவிட்டு, நுரையைக் குப்பைமேட்டில் கொட்டுவார்கள் அல்லது கொளுத்துவார்கள். ஆகவே தகட்டின் இரும்பு எப்படியும் மறுசுழற்சிக்குப் போகும் என்பதால் முழு 2 டன்னையும் உங்கள் சேமிப்பாக எழுதக்கூடாது என்று ஒரு கணக்காளர் வாதிட்டால், அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் புதுப் பேனலுக்கு நீங்கள் ஆர்டர் கொடுக்காமல் தவிர்ப்பது 3.3 டன் என்பது உண்மை. முதுநகரிலிருந்து 407 எனப்படும் ஒரு சிறு லாரியில் இரண்டு நடை கொண்டுவர ஆகும் டீசலின் உமிழ்வு சுமார் 30 கிலோதான்.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று நுரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பாலியூரிதேன் நுரையின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் அதை ஊதிப் பொங்கவைத்த வாயு அடைபட்டிருக்கிறது; வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அந்த வாயுவுடையதுதான். இந்தியாவில் பல ஆண்டுகள் இதற்குப் பயன்பட்டது எச்.சி.எஃப்.சி.-141பி. ஓசோன் படலத்தைச் சிதைப்பது மட்டுமல்லாமல், புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 725 மடங்கு வல்லமை கொண்டது அது. 2020 ஜனவரி 1 முதல் அதன் இறக்குமதி உரிமம் நிறுத்தப்பட்டு, நுரைத் தொழிலில் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது. உங்கள் பேனல்கள் அதற்கு முன் செய்யப்பட்டவை என்றால், நுரையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த வாயுவாகத் தொடக்கத்தில் இருந்திருக்கும். அதாவது 32 கிலோ. அது முழுவதும் வெளியேறினால் 23 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இத்தனை ஆண்டுகளில் பாதி கசிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 11 டன்னுக்கு மேல் இன்னும் உள்ளே இருக்கிறது. இருபுறமும் தகடு மூடியிருக்கும் பேனலில் கசிவு மெதுவாகவே நடக்கும் என்பதால், பாதிக்கு மேலும் மிஞ்சியிருக்கலாம்.

இந்த ஒரு கணக்கு நம் பார்வையையே மாற்றிவிடுகிறது. பழைய பேனலை மீட்பதன் பலன், புதிய பேனல் செய்யும் உமிழ்வைத் தவிர்ப்பதோடு நிற்பதில்லை. உடைபட்டால் காற்றில் கலந்துவிடும் வாயுவை மேலும் இருபது ஆண்டுகள் அடைத்து வைப்பதுதான் பெரிய பலன். தகட்டை உரித்தாலோ, நுரையைத் துண்டு துண்டாக அறுத்தாலோ, பொடித்து நிரப்பினாலோ, அந்தப் பலனை நாமே கெடுத்துக்கொள்கிறோம். பிறகொரு காலத்தில் கழற்றும்போது வாயுவை அழிக்கும் வசதி கிடைத்தால் அங்கே அனுப்ப வேண்டும். அதற்கும் பேனல் முழுசாகக் கையில் வர வேண்டும்.

தட்டோட்டுக்கு அடியில் புதைக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். இரும்புத் தகடு போர்த்திய பேனலை ஈரக் கலவைக்கு அடியில் வைத்தால், கடற்காற்றும் மழைநீரும் சேர்ந்து தகட்டை அரித்துவிடும். பிறகு பழுது பார்க்க வேண்டுமென்றால் கடப்பாரை போட்டு உடைப்பதைத் தவிர வழியில்லை. அதற்குப் பதிலாக, கான்கிரீட் தளமே போடாமல், இந்தப் பேனலையே மாடியின் கூரையாக்க முடியுமா என்று யோசியுங்கள். 100 சதுர மீட்டருக்கு 125 மி.மீ. தளம் என்றால் 12.5 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 300 கிலோ வீதம் 3.75 டன், உள்ளே போகும் ஒரு டன் கம்பிக்கு இன்னொரு 2 டன், மொத்தம் ஆறு டன்னை நெருங்குகிறது. பேனல் கூரைக்குத் தேவையான இரும்புச் சட்டமும், பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினும் சதுர மீட்டருக்கு 9 கிலோ என்றால், புது இரும்பிலேயே 2 டன்தான் ஆகும். வெப்பக் காப்பை மட்டும் மாற்றிச் சேமிப்பதைவிட, தளத்தைத் தவிர்ப்பதால் வரும் சேமிப்பு பெரியது. இதற்கு ஒரு விலை உண்டு: அதன்மேல் இன்னொரு மாடி கட்ட முடியாது, வடாம் காயப்போடவும் துணி உலர்த்தவும் மொட்டைமாடி இருக்காது. அது வீட்டாரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நம் கடற்கரையில் இலேசான கூரை என்றாலே முதலில் வரும் பயம் புயல்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது பறந்த ஷீட்டுகளை இந்தப் பகுதி மறக்கவில்லை. கட்டடங்கள் மீதான காற்றின் விசைக்குரிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி இந்தக் கரையோரத்துக்கு நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்றுவேகம் வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மேல்நோக்கிய இழுவிசை அதைவிடவும் கூடும். உங்கள் பேனலோ சதுர மீட்டருக்கு 11 கிலோதான். எனவே கூரை பறக்காமல் இருப்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை. ஸ்க்ரூவும் வாஷரும், பர்லினைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டும், சட்டத்தைச் சுவரின் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் உத்தரமான ரிங் பீமுக்குள் பிடித்துவைக்கும் கம்பியும்தான் தீர்மானிக்கின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் போதும், மற்றவற்றின் பலம் உதவாது. பர்லின் இடைவெளியையும் ஸ்க்ரூ எண்ணிக்கையையும் உங்கள் பொறியாளர் கணக்கிட்டு வரைபடத்தில் எழுதித் தர வேண்டும். ஃபேப்ரிகேட்டரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். பழைய துளைகளிலேயே புது ஸ்க்ரூவை இறக்கவும் கூடாது.

மழை அடுத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. குளிர்கிடங்குப் பேனல்கள் சுவருக்காகவும் உட்கூரைக்காகவும் தட்டையாகச் செய்யப்பட்டவை. கூரைப் பேனலில் இருப்பது போன்ற மடிப்பு வரிகள் அவற்றில் கிடையாது. நேரடியாக மழையில் விட்டால் இணைப்பு வழியே நீர் இறங்கியே தீரும். பேனலுக்கு மேல் சிறு இடைவெளி விட்டு, வரி போட்ட கால்வலூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்பு) ஷீட் ஒன்றைச் சரிவாகப் போர்த்துவதுதான் நம்பகமான வழி. அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் வெயிலின் சூடும் பாதி வெளியிலேயே போய்விடும்.

வாங்குமுன் சரக்கைப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறியாளரின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. குளிர்கிடங்கில் வெளியே வெக்கையும் ஈரமும், உள்ளே உறைகுளிர். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பது போல, வெளிக்காற்றின் ஈரம் குளிரை நோக்கி ஊடுருவி, பேனல் இணைப்புகளில் நுரைக்குள் நீராகவும் பனிக்கட்டியாகவும் தங்கிவிடும். நடுப்பகுதி உலர்ந்திருக்க, விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு நுரை ஊறிக் கிடப்பது சாதாரணம். உறைபதன அறையின் பேனல்களில் இது அதிகம். தரைப் பேனல்கள் மிக மோசம், அவற்றை எடுக்கவே வேண்டாம். முன்னறையின் சுவரும் உட்கூரையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை போடுவது. ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள 80 மி.மீ. பேனல் சுமார் 33 கிலோ இருக்க வேண்டும். காயலான் கடைத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். நுரையின் கன அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் இருந்தாலே அந்தப் பேனலில் 12 கிலோ கூடிவிடும். ஆகவே 45 கிலோ காட்டும் பேனலை ஒதுக்கிவிடலாம். தகட்டின் கனம் சிறிது மாறுபடலாம் என்பதால், ஒரே வகைப் பேனல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கூட்டத்திலிருந்து விலகி நிற்பதைத் தள்ளுவது நல்லது. பிறகு, தள்ளிய பேனல் ஒன்றின் விளிம்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்போகும் பேனல் ஒன்றின் விளிம்பிலிருந்தும் பத்து செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, தகட்டை நீக்கி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 80 மி.மீ. கனத்தில் அது 32 கிராம் சுற்றி இருக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் காட்டினால் நீர் குடித்திருக்கிறது. நுரையின் வெட்டுமுகம் வெளிர் மஞ்சளாக, விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். பழுப்பேறி மாவாக உதிர்ந்தால் வேண்டாம். தகட்டை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை மாறும். அங்கே தகடும் நுரையும் சேர்ந்து பாரம் தாங்காது. மீன் கிடங்குச் சரக்கு என்பதால் இணைப்புப் பள்ளங்களில் மீன்நீர் ஊறிய நாற்றம் இருந்தால், சோப்புநீரால் கழுவி வெயிலில் காயவைத்த பிறகும் போகிறதா என்று ஒரு பேனலில் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

நெருப்பைப் பற்றி இளக்காரம் வேண்டாம். பாலியூரிதேன் எரிந்தால் நச்சுப்புகை வரும். அதில் ஹைட்ரஜன் சயனைடும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. மனிதர் தூங்கும் அறையில் நுரை எங்கும் திறந்து தெரியக்கூடாது. வெட்டிய விளிம்புகளைத் தகட்டு மடிப்பால் மூட வேண்டும். பேனலின் அடிப்பக்கத்தில் ஜிப்சம் பலகையோ சிமென்ட் பலகையோ அடிக்க வேண்டும். மின்கம்பிகளைப் பேனலைத் துளைத்து ஓட்டாமல் தனி இரும்புக் குழாயில் கொண்டுபோக வேண்டும். பேனல் ஏறிய பிறகு அதன் பக்கத்தில் வெல்டிங் செய்ய அனுமதிக்கவே கூடாது.

வெப்பத் தடுப்பில் பழைய பேனல் குறைந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. குறையும், ஆனால் நம் தேவைக்கு அது இடிக்காது. வீடுகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதி, கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மேலே சுண்ணாம்பு ஜல்லி இடித்துப் போடும் வெதரிங் கோர்ஸ் உள்ள சாதாரண கான்கிரீட் தளம் 2.5 சுற்றி நிற்கும். புதிய 80 மி.மீ. பேனல் 0.3 தரும், வாயு கசிந்து பழையதானது 0.4 தரும். இரண்டும் வரம்புக்கு வெகுவாகக் கீழே. குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொல்லப்படும் கனத்தை இங்கே பின்பற்ற வேண்டியதில்லை; முதல் இரண்டு செ.மீ. செய்யும் வேலைதான் பெரிது.

மின்சாரக் கணக்கையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 12 சதுர மீட்டர் படுக்கையறையில், சாதாரணத் தளத்துக்குப் பதில் இந்தக் கூரை இருந்து, ஆண்டில் 200 இரவுகள் எட்டு மணி நேரம் ஏசி ஓடினால், கூரைக்கும் அறைக்கும் சராசரி 10 டிகிரி வேறுபாடு என்று கொண்டு போட்ட உத்தேசக் கணக்கில் ஏறத்தாழ 115 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற நாட்டுச் சராசரியில் இது 80 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகக் கணக்கிட்டால் இன்னும் கூடும். அதே அறைக்குப் புதிய பேனலின் பொதிந்த கார்பன் சுமார் 400 கிலோ. ஆக, பழையதை எடுப்பதால் கிடைக்கும் முன்தொகை, ஐந்தாண்டு ஏசி சேமிப்புக்குச் சமம். ஈரமான பேனலை மலிவென்று வாங்கி மூன்றாம் ஆண்டில் பிரித்துப் போட்டால் அந்த முன்தொகையும் வாயுவும் சேர்ந்தே போய்விடும்.

எதிர்காலத்தில் இன்னொரு மாடி வேண்டும் என்று வீட்டில் தீர்மானித்தால், கான்கிரீட் தளம்தான் சரி. அப்போது இந்தப் பேனலை விட்டுவிடுங்கள். தளத்துக்கு நம் ஊரிலேயே பழகிய மீட்புப் பொருள்கள் இருக்கின்றன. இடித்த வீட்டுச் செங்கல்லை உடைத்த ஜல்லியைச் சுண்ணாம்போடு சேர்த்து இடித்துப் போடும் வெதரிங் கோர்ஸும், ஓடு வியாபாரிகளிடம் கழிவாகக் கிடக்கும் உடைந்த வெள்ளை ஓட்டுத் துண்டுகளைப் பதிக்கும் சைனா மொசைக்கும் அவற்றுள் முக்கியமானவை. சுண்ணாம்பு ஜல்லியின் வெப்பத் தடுப்பு நுரையளவு வராது. ஆனால் வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தளம் சூடேறுவதே குறைகிறது. பழைய எக்ஸ்.பி.எஸ். எனப்படும் கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை கிடைத்தால் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் அதைப் போடலாம், 50 மி.மீ. பலகை முழுக்க நீரில் மூழ்கினால் சதுர மீட்டருக்கு 48 கிலோ விசையோடு மேலே எழும்பும் என்பதை நினைவில் வைத்து, அதற்குமேல் எடையுள்ள கலவையும் ஓடும் போட வேண்டும். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட மாடியில் பலகைகள் மிதந்து ஓடு பெயர்வது இதனால்தான்.

அதே வியாபாரி தொழிற்சாலைக் கொதிகலனிலிருந்தும் குழாய்களிலிருந்தும் உரித்த கம்பளி போன்ற சரக்கைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூலாக இருந்தாலும் பலகாலச் சூட்டில் அதன் பசை எரிந்து இழைகள் தூளாகியிருக்கும்; பழைய ஆலைச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; ரசாயன ஆலையிலிருந்து வந்தது என்றால் என்ன ஊறியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய தெர்மாகோல் பலகைகளில் எச்.பி.சி.டி. என்ற தீத்தடுப்பு ரசாயனம் இருக்கலாம்; அதை இந்தியா 2018ல் தடைசெய்துவிட்டது. வீட்டுக்குள் அந்தச் சரக்கு வர வேண்டாம்.

உங்கள் பொறியாளரிடம் பழையதா புதியதா என்ற விவாதத்தைத் தொடராமல், எடைப் பட்டியலையும் வெட்டிய நுரைத் துண்டுகளையும் அவர் மேசையில் வைத்து, எந்தப் பேனலுக்கு அவர் கையெழுத்திடுவார் என்று கேளுங்கள். ஐ.எஸ். 3346 முறைப்படி ஒரு துண்டின் வெப்பக் கடத்தலை ஆய்வகத்தில் அளந்து தந்தால் அவருக்கும் பிடிமானம் கிடைக்கும். கழற்றும் வேலையைக் காயலான் கடை ஆட்களிடம் விடாமல், பேனல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கேம்லாக் பூட்டுக்கான சாவி வைத்திருக்கும் குளிர்கிடங்கு மெக்கானிக்கைக் கொண்டு செய்யுங்கள். நெம்புகோலால் பெயர்த்தால் பாதி விளிம்பு உடைந்துதான் வரும். கொண்டுவந்த பேனல்களைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, விளிம்புகளுக்கு அலுமினிய டேப் ஒட்டி, தார்பாய் போர்த்தி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துக்கொள்ளும்; செப்டம்பர் முடிவதற்குள் மேல் ஷீட் ஏறிவிடும்படி வேலையைத் திட்டமிட முடியாவிட்டால், பேனலைத் தைக்குப் பிறகு ஏற்றுங்கள்.